கரடிக்கொல்லைப் பாறையில் பன்னிரண்டு மில்லிமீட்டர்

உங்கள் வீடு போன வருஷம் இருந்த இடத்திலேயேதான் இந்த வருஷமும் இருக்கிறது என்று அடித்துச் சொல்வீர்களா? பட்டாவைத் தேட வேண்டாம். பட்டா கொடுத்த தாசில்தாருக்கும் இது தெரியாது. நீங்கள் நிற்கும் தரையும், அதன் மேல் இருக்கும் கோயில், மசூதி, மாதா கோயில், தோல் ஷாப்பு, போலீஸ் ஸ்டேஷன் எல்லாமும் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி நீளம் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கின்றன. யாரையும் கேட்டுக்கொண்டு நகரவில்லை. யார் வேண்டிக்கொண்டாலும் நிற்கப்போவதுமில்லை.

இது அளந்து கண்ட விஷயம். அளந்தவர்களின் பெயர்கள் கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே வரும். அளப்பதற்காகப் பாறையில் அடித்த ஆணியைக் காத்தவர்களின் பெயர் எங்கேயும் வராது. அப்படிப்பட்ட ஒருவர் டைட்டஸ்.

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே கரடிக்கொல்லை அவருடைய ஊர். காலனிப் பக்கம் வீடு. பத்தாவது முடித்ததும் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் சேர்ந்து, சுண்ணாம்புக் குழியில் இறங்கி ஏறி, பல வருஷம் கழித்துத் தோலின் கனம் பார்க்கும் வேலைக்கு வந்தார். பதமாகி நீல நிறத்தில் வரும் தோலை மெஷினில் சீவுவார்கள். சீவிய தோல் எல்லா இடத்திலும் ஒரே கனமா என்று கையில் பிடிக்கும் கேஜால் பார்ப்பார்கள். கழுத்து, முதுகு, இரண்டு விலா, வால் பக்கம் என்று தோலுக்கு ஐந்து இடம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை கேஜ் காட்டும். மற்றவர்கள் இரண்டு இடம் பார்த்துவிட்டு மீதி மூன்றை ஊகித்து எழுதுவார்கள். டைட்டஸ் ஐந்தும் பார்ப்பார்.

ஷாப்பு மேனேஜர் முனீர் அகமதுவுக்கு இது பெரிய தலைவலி.

"ஒன்னு புள்ளி ஒன்னுக்கும் ஒன்னு புள்ளி ரெண்டுக்கும் இன்னாய்யா வித்தியாசம்? ஷூ போடறவன் அதக் கயட்டி கேஜு வெச்சா பாக்கப் போறான்?"

"ஒன்னு புள்ளி ரெண்டுன்னு நீங்களே எழுதிக்கங்க சார். என் கையெழுத்துக்கு மேல மட்டும் வேணாம்."

"உன்கூட பேஜார்யா."

பேஜார் என்று சொன்னாலும், வெளிநாட்டிலிருந்து சரக்கு பார்க்க ஆள் வரும் நாளில் முனீர் டைட்டஸைத்தான் முன்னால் நிறுத்துவார்.

தொண்ணூற்றாறில் கோர்ட் உத்தரவால் பல ஷாப்புகள் மூடின. பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கழிவுக்கு அது சரியான உத்தரவு. ஆனால் மூடிய மறுநாள் வேலையில்லாமல் தெருவில் நின்றவர்கள் குழிக்குள் இறங்கியவர்கள். குழிக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. டைட்டஸும் தெருவில் நின்றார். அந்த சமயத்தில்தான் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் ஜீப் ஊருக்குள் வந்தது. உள்ளூர் உதவியாளர் ஒருவர் வேண்டும் என்று கேட்டவர்களிடம் முனீர் அகமது சொன்னார்: "நுணுக்கமா அளக்கணுமா? ஒரு ஆள் கீறான். உங்களுக்கும் அவனால பேஜார்தான், பரவாயில்லன்னா கூட்டிம்போங்க."

வந்தவர்களுக்குத் தலைவர் அருணகிரி என்ற தொழில்நுட்ப அதிகாரி. லாத்தூர் பக்கம் தொண்ணூற்று மூன்றில் நிலம் ஆடி ஆயிரக்கணக்கான பேர் தூக்கத்திலேயே செத்த பிறகு, தென்னாடு அசையாத கெட்டிப்பாறை என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. எங்கே பாறை மெல்ல இறுகுகிறது, எங்கே மெல்ல விலகுகிறது என்று வருஷா வருஷம் அளந்து பார்க்கப் பல ஊர்களில் ஆணி அடித்துக்கொண்டு வந்தார்கள். கரடிக்கொல்லைக்குப் பின்னால் இருக்கும் வழுக்குப்பாறை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மண்ணே இல்லாத, பூமியோடு ஒன்றாகப் பிறந்த பாறை.

அதில் துளை போட்டு, சாண் நீள எஃகு ஆணி ஒன்றை இறக்கிக் கெட்டியாக்கினார்கள். 'பின்' என்பது அவர்கள் அதற்கு வைத்த பெயர். ஆணியின் தலையில் ஊசிமுனை அளவு ஒரு குழி. அந்தக் குழிதான் எல்லாம். அதற்கு நேர் மேலே முக்காலி வைத்து, முக்காலி மேல் தட்டுப்போல ஒரு ஆண்டெனா. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை அது மூன்று நாள் இடைவிடாமல் வாங்கிக்கொள்ளும். பெங்களூரில் நிரந்தரமாக நிற்கும் கருவியின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அந்தக் குழி பூமியில் எங்கே இருக்கிறது என்பது சில மில்லிமீட்டருக்குள் தெரிந்துவிடும். அடுத்த ஜனவரியில் அதே குழி, அதே முக்காலி, மறுபடி மூன்று நாள். வித்தியாசம்தான் நகர்வு.

ஊரார் இதை ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் காவலூர் டெலஸ்கோப்போடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். "உங்க மெஷின்ல சனி எப்ப பெயர்றாருன்னு தெரியுமா டைட்டஸு?" என்று கேட்டவர்களிடம் டைட்டஸ், "சனி பெயர்றது தெரியாது. நீ பெயர்றது தெரியும், வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர்" என்பார். ஆணித் தலையில் ஒரு வருஷம் யாரோ குங்குமம் வைத்தார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அடுத்த ஈஸ்டருக்கு யாரோ பக்கத்தில் சுண்ணாம்பில் சிலுவை போட்டார்கள். அதையும் துடைத்தார். "சிலுவையைத் துடைக்கலாமா?" என்று கேட்ட போதகரிடம், "அது இயேசுவுக்கு அடிச்ச ஆணி இல்லிங்க ஐயா" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த அவர் மனைவி ஃபீபி அன்று சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆணி அடித்த முதல் வருஷமே அருணகிரியின் ஆட்கள் அதைச் சுற்றிப் பாறையில் மூன்று கூட்டல் குறி வெட்டினார்கள். வடக்கே ஒன்று, மேற்கே ஒன்று, தென்கிழக்கே ஒன்று. ஆணிக்கும் குறிக்கும் உள்ள தூரத்தை எஃகு டேப்பால் அளந்து வைத்தால், ஆணியை யாராவது அசைத்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். வருஷா வருஷம் முதலில் இதை அளந்துவிட்டுத்தான் முக்காலியை வைக்க வேண்டும் என்பது அவர்கள் நிலையத்தின் விதி. இரண்டாம் வருஷம் அளந்தார்கள். மூன்றாம் வருஷம் நேரமில்லை என்று விட்டார்கள். அதற்கப்புறம் விதி ஃபைலில் இருந்தது, டேப் பெட்டியில் இருந்தது.

டைட்டஸ் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் ஜீப் வருவதற்கு முதல் நாள் சொந்த டேப்போடு ஏறி மூன்று தூரத்தையும் அளந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வார். வடக்குக் குறியிலிருந்து மூன்று மீட்டர் இருநூற்று ஆறு மில்லிமீட்டர். மேற்கிலிருந்து இரண்டு மீட்டர் நானூற்று முப்பத்தொன்று. தென்கிழக்கிலிருந்து ஒரு மீட்டர் எண்ணூற்று எழுபத்து நாலு. எட்டு வருஷமும் அதே எண்கள். கூடினால் குறைந்தால் ஒரு மில்லிமீட்டர். அருணகிரி ஒரு தடவை அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "சாட்டிலைட் வெச்சு அளக்கற எடத்துல டெய்லர் மாதிரி டேப்பு புடிச்சினு இருக்கியே டைட்டஸ்."

இரண்டாயிரத்து நாலு செப்டம்பரில் ஃபீபிக்கு வேலூரில் ஆபரேஷன். டைட்டஸ் மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அந்த மூன்று வாரத்தில், காலனி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த குடிநீர்த் தொட்டி வந்தது. கிணற்றுத் தண்ணீர் கைவைத்தாலே பிசுபிசுக்கும் ஊர் அது. மேட்டில் தொட்டி வைத்தால்தான் காலனி வரைக்கும் தண்ணீர் ஓடும் என்று வழுக்குப்பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டிய கொத்தனார் கோதண்டராமன். டைட்டஸோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், நல்ல வேலைக்காரர்.

டைட்டஸ் திரும்பி வந்து பாறை ஏறியபோது, தொட்டிக்குப் போகும் படிக்கு ஒட்டினாற்போல் ஆணி இருந்தது. அதைச் சுற்றி வட்டமாக, வழவழவென்று, புதுச் சிமெண்டுக் கட்டு. ஆணித் தலை பளபளத்தது. டேப்பை எடுத்தார். வடக்கிலிருந்து மூன்று மீட்டர் இருநூற்றுப் பதினெட்டு. மேற்கில் மாற்றமில்லை. தென்கிழக்கில் எட்டு மில்லிமீட்டர் குறைவு. முன்பு பாறைக்கு மேலே நாலு மில்லிமீட்டர் தெரிந்த ஆணித் தலை இப்போது பதின்மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. ஒரு தடவைக்கு ஐந்து தடவை அளந்தார். பிறகு கீழே இறங்கி நேரே கோதண்டராமன் வீட்டுக்குப் போனார்.

"மேஸ்திரி, பின்னை எடுத்தியா?"

"படிக்குக் கல்லு ஒடைக்கசொல்ல பாறை விரிசல் உட்டுச்சு. பின்னு ஆடிச்சு. ஆடற பின்னை அப்டியே உடலாமா? உனக்கு உசுரு ஆச்சே அது. நாலு பக்கம் ஆணி அடிச்சி, குறுக்க நூல் கட்டி சென்டர் புடிச்சி, பழைய சிமெண்டைச் சுத்தமா கொத்தி எடுத்துட்டு, மறுபடி அதே எடத்துல வெச்சேன். நூல் பிசகல."

"பன்னண்டு மில்லி பிசகிக்கீது."

கோதண்டராமன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "பன்னண்டு மில்லின்னா இம்மாத்தூண்டு. பூச்சுல போய்டும் அது."

"மேல வேற தூக்கிக்கீற."

"தூக்காம? சுத்திப் பள்ளமா இருந்துச்சு, தண்ணி நிக்கும், துரு புடிக்கும். அரை விரக்கடை தூக்கி சுத்தி சரிவு குடுத்தேன். எந்த மேஸ்திரியும் அப்டித்தான் செய்வான். நீ எனக்கு டீ வாங்கித் தரணும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தளம், மொட்டைமாடி, கிணற்றுமேடை எதைக் கட்டினாலும் தண்ணீர் நிற்காமல் வாட்டம் விடுவதுதான் கொத்தனாருக்கு அழகு. அந்த நல்ல பழக்கம் எட்டு வருஷ அளவை ஒரே நாளில் முறித்துவிட்டது.

ஆனால் முறிந்தது முறிந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. டைட்டஸுக்கு அது தெரியும். ஆணி எப்போது அசைந்தது, எந்தத் திசையில் எவ்வளவு அசைந்தது என்று தெரிந்தால், கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். மூன்று குறியிலிருந்தும் அளந்த தூரம் கையில் இருக்கிறது. ஆணியின் வரலாற்றை எழுதிவைக்கும் நிலையக் குறிப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அதைத்தான் அவர் நவம்பரில் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதினார். பதில் இல்லை.

டிசம்பர் இருபத்தாறு. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடித் தரை பிளந்தது. சுனாமியில் கரையோர ஊர்கள் போயின. ஜனவரி முதல் வாரத்திலேயே அருணகிரியின் ஜீப் வந்து நின்றது. அவர் தூங்கிப் பல நாளாகியிருந்தது தெரிந்தது. அவ்வளவு பெரிய அதிர்ச்சியில் தென்னிந்தியப் பாறையே கிழக்காகச் சில மில்லிமீட்டர் இழுபட்டிருக்கும், அதைச் சூட்டோடு அளக்க வேண்டும் என்றார்.

"சார், லெட்டர் போட்டேனே. பின்னை எடுத்து வெச்சிட்டாங்க. பன்னண்டு மில்லி தெக்கால போய்க்கீது."

"எந்த லெட்டர்?"

டைட்டஸ் நோட்டை நீட்டினார். அருணகிரி வாங்கவில்லை. முக்காலியின் காலைத் திருகிக்கொண்டே, "மொதல்ல டேட்டா எடுப்போம், அப்புறம் பேசலாம்" என்றார். மூன்று நாள் டேட்டா எடுத்தார்கள். அப்புறம் பேசவில்லை.

அடுத்த ஜனவரியில் வந்தபோது அருணகிரி உற்சாகமாக ஒரு வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கம் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அம்பு. எல்லா அம்புகளும் குட்டையாகக் கிழக்கே பார்த்தன. ஒன்று மட்டும் நீளமாகத் தென்கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. அதன் வாலில் கரடிக்கொல்லை.

"பாத்தியா உன் ஊரை? இங்க அடியில ஏதோ பழைய வெடிப்பு இருக்கணும். எங்க சயின்டிஸ்ட் மேடம் இதை வெச்சே தனியா ஒரு பேப்பர் அனுப்பியிருக்காங்க."

"வெடிப்பு இல்ல சார். பாறை கிழக்கால போச்சு. தெக்கால போனது கோதண்டராமன் மேஸ்திரி."

உதவிக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அருணகிரி சிரிக்கவில்லை.

"டைட்டஸ், கோடிக்கணக்குல மெஷின் சொல்லுது. நீ டேப்பு வெச்சு சொல்ற. யார நம்பறது?"

"மெஷினும் பொய் சொல்லல சார். குழி எங்க கீதுன்னுதான் அது சொல்லுது. குழி ஏன் அங்க வந்துச்சுன்னு அதுக்கு இன்னா தெரியும்? டேப்பு உங்க பெட்டியிலயே கீது. நீங்களே ஒரு தபா அளந்துடுங்க. கால்மணி நேரம்."

எவ்வளவு எளிய வேண்டுகோள். அறிவியல் படித்த ஒருவர் மறுக்கவே முடியாத வேண்டுகோள். அருணகிரி கெட்டவர் அல்ல. ஒன்பது வருஷமாக டைட்டஸின் டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவர். அவர் டேப்பைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அரசாங்கப் பின்னைப் பெயர்த்தாங்கன்னு எழுதினா போலீஸ் கம்ப்ளைண்ட் குடுக்கணும். தொட்டி வேலையில விசாரணை வரும். உங்க காலனிக்குத் தண்ணி நிக்கும். அது வேணுமா உனக்கு?"

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். ஆண்டு முழுவதும் ஆணி அசையாமல் நல்ல நிலையில் இருந்தது என்று உள்ளூர்க் காப்பாளர் கொடுக்கும் சான்று. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. டைட்டஸ் படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார்.

அந்த வருஷத்தோடு அவரைக் கூப்பிடுவது நின்றது. அடுத்த ஜனவரியில் வேறு ஆள் முக்காலி தூக்கினார்.

பெரிய விஞ்ஞானத்தில் சின்ன மனிதர்களின் சொல்லுக்கு எடை கிடையாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் தேவைப்படவும் இல்லை. பாறை ஏறிக் கருவியைச் சுமந்தவன் காலனிக்காரன், தினக்கூலி, பத்தாவது படித்தவன் என்ற மூன்று விஷயமும் அவன் அளந்த மில்லிமீட்டருக்கு முன்னால் போய் நின்றுகொள்கின்றன. குங்குமம் வைத்தவரை மூடநம்பிக்கை என்று சிரிக்கிறோம். டேப்பை எடுத்து அளந்து பார்க்க மறுக்கிற அதிகாரிக்கு என்ன பெயர் வைப்பது?

டைட்டஸ் இரண்டாவது கடிதம் எழுதினார். மூன்றாவது எழுதினார். ஃபீபிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, பன்னண்டு மில்லிக்கு இத்தனை கவரா? என் தையல் அளவே அதைவிட ஜாஸ்தி."

"உன் தையலை டாக்டர் சீட்டுல எழுதினாரா இல்லையா?"

"எழுதினாரு."

"எழுதாம உட்டிருந்தா அடுத்த டாக்டர் வயித்துல இன்னான்னு நெனச்சிருப்பாரு? வெடிப்புன்னுதான."

நாலாவது கடிதத்தை ஃபீபியே உட்கார்ந்து எழுதினார். ஏனென்றால் அது கோதண்டராமனின் கடிதம். ஊரில் பேச்சு பரவி, தன்னால் டைட்டஸின் வேலை போனது என்று தெரிந்தபோது, கொத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"போலீசு வந்தா வரட்டும். நான் திருடல. ஆடினதை நிக்க வெச்சேன். நர்ஸம்மா, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்."

எந்தத் தேதியில் எடுத்தார், எத்தனை ஆழம் கொத்தினார், எப்படி நூல் கட்டினார், எவ்வளவு தூக்கினார் எல்லாம் சொன்னார். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "தூக்கி வைத்தது தண்ணீர் நிற்காமல் இருக்க. வேறு கெட்ட எண்ணம் இல்லை." டைட்டஸ் தன் நோட்டின் எட்டு வருஷப் பக்கங்களையும் நகலெடுத்து உடன் வைத்தார். பதிவுத் தபாலில் போயிற்று.

இந்தத் தடவை பதில் வந்தது. அச்சடித்த அட்டை. நான்கு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு வந்த அந்த அட்டையை டைட்டஸ் வாசலிலேயே நின்று படித்தார். "தங்கள் மனு பெறப்பட்டது. குடிநீர்த் தொட்டி தொடர்பான புகார்களை உரிய துறைக்கு அனுப்பிக்கொள்ளவும்."

அவர் அட்டையை ஃபீபியிடம் கொடுத்தார். ஃபீபி படித்துவிட்டுக் கோதண்டராமனுக்கு வாசித்துக் காட்டினார். கோதண்டராமன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொட்டியில இன்னா கொறைன்றாங்க?" என்று கேட்டார்.

இன்று வரைக்கும் அந்த ஒரு வரி சேரவில்லை. கரடிக்கொல்லைக்குக் கீழே இல்லாத ஒரு வெடிப்பு வரைபடத்தில் இருக்கிறது. நாளை யாராவது அதை நம்பி எங்கே நிலம் ஆபத்து, எங்கே ஆபத்தில்லை என்று தீர்மானிப்பார்கள். இல்லாத ஆபத்தை இருக்கிறது என்று எழுதும் கை, இருக்கிற ஆபத்தை இல்லை என்றும் எழுதிவிடும். டைட்டஸை உறுத்துவது இதுதான். வேலை போனதை அவர் பேசுவதே இல்லை.

அவரை நீங்கள் நம்ப வேண்டாம். கோதண்டராமனையும் நம்ப வேண்டாம். ஒரு எஃகு டேப்பை எடுத்துக்கொண்டு வழுக்குப்பாறைக்குப் போங்கள். தொட்டிப் படிக்கு அருகே ஆணி இருக்கிறது. வடக்கே பத்தடி தள்ளிப் பாசிக்கு அடியில் கூட்டல் குறி இருக்கிறது. பாசியைத் துடைத்துவிட்டுக் குறியின் நடுவிலிருந்து ஆணிக் குழி வரை அளந்து பாருங்கள். மூன்று மீட்டர் இருநூற்று ஆறு வந்தால் டைட்டஸ் பொய்யர் என்று ஊரறியச் சொல்லுங்கள். இருநூற்றுப் பதினெட்டு வந்தால், அந்த எண்ணையும் அளந்த தேதியையும் உங்கள் பெயரையும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதி, நிலையக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புங்கள்.